ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியச் சிகிச்சையாளர் ஆகலாமா?

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போகிறவர்கள் முதலில் மீனின் கண்ணைத்தான் பார்ப்பார்கள். கண் தெளிவாகவும் சற்றுப் பிதுங்கினாற்போலவும் இருந்தால் மீன் புதியது. மங்கி உள்வாங்கியிருந்தால் பழையது. இறந்த மீனின் கண் நாளாக நாளாகத் தட்டையாகிக் குழி விழுகிறது. கருவிழியின் மேலுள்ள மெல்லிய படலம் பால்போல் வெளுக்கிறது. இது நம் மீனவப் பெண்கள் ஆய்வுக்கூடத்தின் உதவியின்றிக் கற்றுக்கொண்ட அறிவியல்.

ஓவியத்தின் வழியே மனத்துயருக்குச் சிகிச்சையளிக்கும் படிப்பைப் பற்றி எழுத வந்தவன் மீன் கண்ணில் தொடங்குவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாளுக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. அதன் பிறகு அந்தச் சிறுமி பள்ளியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் பேசிப் பள்ளியில் வாய் திறவாத குழந்தைகள் உண்டு. அது மனநல மருத்துவர்கள் நன்கறிந்த ஒரு நிலை. அப்பள்ளிக்கு ஒரு நாள் ‘ஓவியச் சிகிச்சையாளர்’ என்ற பெயரில் ஒருவர் வந்திருக்கிறார். பிள்ளைகளுக்குத் தாளும் வண்ணக் குச்சியும் கொடுத்து, விரும்பியதை வரையச் சொன்னார். சிறுமி மீன்களையும், அவற்றின் நடுவில் தன் தாயையும் வரைந்தாள். எல்லோருக்கும் தட்டு அளவுக்குக் கண்கள்!

வந்தவர் படத்தைப் பார்த்தார்; தாயை அழைத்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்: “பெரிய கண்கள் அச்சத்தையும் சந்தேகத்தையும் காட்டுகின்றன. வீட்டில் யாரோ ஒருவருடைய பார்வைக்கு இவள் பயப்படுகிறாள்.” அந்த வீட்டில் இருந்த ஒரே ஆண், தாயின் தம்பி. குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவரும் அவரே. ஒரு மாதத்திற்குள் அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

“அவன் தப்பு செஞ்சானா இல்லியான்னு எனக்கே தெரியல சார். கேக்கவும் வாய் வரல. அவனாவே போயிட்டான்” என்று மீனை அரிந்துகொண்டே சொன்னார் அந்த அம்மாள்.

ஒரு விடுமுறை நாளில் சிறுமி தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையொன்றில் மீன் வரைந்துகொண்டிருந்தாள். “கண்ணு ஏம்மா இவ்வளவு பெரிசு?” என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து, தாயின் முதுகுப்புறமிருந்து மெல்லிய குரல் வந்தது: “அப்பத்தான் நல்ல மீனு.”

இந்த விடை மீனின் கண்ணை விளக்குகிறது. தாயின் கண்ணை விளக்கவில்லை. சிறுமியின் மௌனத்தையும் விளக்கவில்லை. இதைக் கேட்டவுடன் “அந்த வீட்டில் ஒன்றும் இல்லை” என்று நான் முடிவு கட்டினால், வந்தவர் செய்த தவற்றையே மறுபக்கமாகச் செய்தவனாவேன்.

அன்று மார்க்கெட்டை விட்டு நேரு வீதிக்கு வந்தபோது ஒரு தூணில் வண்ணத்தாள் அறிவிப்பு கண்ணில் பட்டது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், முன்தகுதி தேவையில்லை, முடிவில் ‘ஓவியச் சிகிச்சையாளர்’ சான்றிதழ். மொத்தம் 18 மணி நேரம். இந்த 18 மணி நேரத்தைத்தான் இக்கட்டுரை விமர்சிக்கிறது.

ஓவியச் சிகிச்சை எது?

படம் வரைந்தால் மனம் இலேசாகும் என்பது வேறு. ஓவியச் சிகிச்சை வேறு. வாசலில் கோலம் போடுகிறவருக்கும், நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கும் மாணவருக்கும் மன அமைதி கிடைக்கலாம். அதற்குச் சான்றிதழும் வேண்டாம், சிகிச்சையாளரும் வேண்டாம். ஓவிய ஆசிரியரின் வேலையும் வேறு. மாணவரின் படம் நன்றாக அமையவேண்டும் என்பது அவர் நோக்கம்.

ஓவியச் சிகிச்சையில் படம் அழகாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. சொல்லில் வராத ஒன்றை ஒருவர் தாளிலோ களிமண்ணிலோ வெளியே எடுத்து வைக்கிறார். நம்பத்தகுந்த இன்னொருவர் உடனிருந்து, அதைப் பற்றிப் படிப்படியாக எண்ணவும், இயன்றால் பேசவும் துணை செய்கிறார். வரைபவர், படம், உடனிருப்பவர் என்னும் மூன்றும் சேர்ந்ததே சிகிச்சை. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது சிகிச்சை அன்று.

இத்துறையின் பெயருக்கு வயது அதிகமில்லை. ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938இல் காசநோயுற்று ஒரு நலவிடுதியில் சேர்ந்தார். படுக்கையில் இருந்தபடி வரைந்தது தமக்கு உதவியதை உணர்ந்தார்; பிற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். இப்பணிக்கு 1942இல் அவர் சூட்டிய பெயரே இன்று உலகெங்கும் வழங்குகிறது. 1946இல் எட்வர்டு ஆடம்சன் என்னும் ஓவியர் இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்காக ஓவியக்கூடம் நடத்தத் தொடங்கினார். அவர் நோயாளிகளின் படங்களுக்கு விளக்கம் சொல்வதைத் தவிர்த்தார். வரைவதற்கு இடமும் பொருளும் தந்து, குறுக்கிடாமல் உடனிருந்தார்.

அதே 1946இல், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் நீஸ் ட சில்வெய்ரா என்ற பெண் மருத்துவர், மின்னதிர்ச்சியும் மூளை அறுவையும் தரும் சிகிச்சைகளில் பங்கேற்க மறுத்து, நோயாளிகளுக்கு ஓவியக்கூடம் திறந்தார். அவர்கள் வரைந்தவற்றைக் காப்பதற்கென 1952இல் ஓர் அருங்காட்சியகமே நிறுவினார். வசதி மிகுந்த நாடுகளுக்கு மட்டும் உரியதன்று இக்கலை என்பதற்கு இதுவே சான்று.

படம் சொல்வதும் பார்ப்பவர் சொல்வதும்

‘பெரிய கண் என்றால் சந்தேகம்’ என்ற கருத்து எங்கிருந்து வந்தது? மனித உருவத்தை வரையச் சொல்லி, அதைக்கொண்டு வரைந்தவரின் குணத்தை அறியலாம் என்ற முறையை அமெரிக்க உளவியலார் கேரன் மக்கோவர் 1949இல் நூலாக வெளியிட்டார். கண், தலை, தோள் ஒவ்வொன்றுக்கும் பொருள் கூறும் வழக்கம் பரவியது. பல மருத்துவ உளவியலார் தம் அனுபவத்தில் அது உண்மையென்றே நம்பினர்.

1967இல் லோரன் சேப்மன், ஜீன் சேப்மன் என்ற உளவியல் தம்பதியர் இதைச் சோதித்தனர். அவர்கள் செய்தது எளிது. மனித உருவப் படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் ‘இவர் பிறரைச் சந்தேகிப்பவர்’, ‘இவர் தம் அறிவாற்றலைப் பற்றிக் கவலைப்படுபவர்’ என்பதுபோன்ற குறிப்புகளை எழுதினர். எந்தப் படத்திற்கு எந்தக் குறிப்பு என்பதற்கு ஒழுங்கே இல்லை. சீட்டுக் குலுக்கியதுபோல் இணைத்தனர். பிறகு இவற்றை உளவியல் பயிற்சி பெறாத கல்லூரி மாணவர்களிடம் காட்டி, “என்ன தொடர்பு தெரிகிறது?” என்று கேட்டனர்.

தொடர்பே இல்லாத இடத்தில் மாணவர்கள் தொடர்பைக் கண்டார்கள்! சந்தேகக்காரர்களின் படத்தில் கண் விநோதமாக இருந்தது என்றார்கள். அறிவைப் பற்றிக் கவலைப்படுபவரின் படத்தில் தலை பெரிதாக இருந்தது என்றார்கள். தொழில்முறை உளவியலார் ‘அனுபவத்தில் கண்ட’ அதே தொடர்புகள் இவை. அடுத்த சோதனைகளில் குறிப்புகளை நேர்மாறாக இணைத்துக் காட்டியபோதும் அந்த நம்பிக்கை குறைந்ததே தவிர முற்றிலும் மறையவில்லை.

பொருள் என்ன? கண்ணுக்கும் பார்வைக்கும், பார்வைக்கும் சந்தேகத்திற்கும் நம் மொழியிலும் எண்ணத்திலும் ஏற்கெனவே முடிச்சு இருக்கிறது. அந்த முடிச்சைப் படத்தின் மேல் போட்டுவிட்டு, படமே சொன்னதாக நம்புகிறோம். பள்ளிக்கு வந்தவர் சிறுமியின் மனத்தைப் படிக்கவில்லை; தம் மனத்தைப் படித்தார்.

இது கெட்ட எண்ணத்தால் நேர்வதன்று. எல்லோர் மூளையும் இவ்வாறே இயங்குகிறது. அதனால்தான் பயிற்சி வேண்டும். ஓவியச் சிகிச்சையாளருக்கான நீண்ட பயிற்சி, படத்திற்கு விரைந்து பொருள் கூறக் கற்றுத்தருவதற்கு அன்று. விரைந்து பொருள் கூறாதிருக்கக் கற்றுத்தருவதற்கே. இந்த அடக்கம் ஆறு ஞாயிறுகளில் வராது.

முதுகலைப் பயிற்சியில் என்ன இருக்கிறது?

பிரிட்டனில் ஓவியச் சிகிச்சையாளர் சங்கம் 1964இலும், அமெரிக்காவில் 1969இலும் தோன்றின. இரு நாடுகளிலும் இன்று இத்தொழிலில் நுழைய முதுகலைப் பட்டம் வேண்டும். பிரிட்டனில் 1997 முதல் இது அரசுப் பதிவுக்குரிய தொழில். பதிவு பெறாதவர் ‘ஓவியச் சிகிச்சையாளர்’ என்று தம்மை அழைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். அமெரிக்கப் பாடத்திட்டத்தில் மேற்பார்வையின் கீழ் 100 மணி நேரச் செய்முறையும் 600 மணி நேரக் களப்பயிற்சியும் உண்டு. வகுப்பறைப் பாடங்கள் இதில் சேரா. நம் தூணில் ஒட்டியிருந்த 18 மணி நேரத்தை இந்த 700உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தனை மணி நேரத்தில் என்னதான் கற்கிறார்கள்?

முதலாவது, பொருள்களின் இயல்பு. கூரிய பென்சில் கைக்கு அடங்கும்; நீர்வண்ணம் ஓடும்; ஈரக் களிமண் கையோடு ஒட்டும். தன்னை இழந்துவிடுவோமோ என்று நடுங்குகிற ஒருவரிடம் முதல் நாளே ஓடும் வண்ணத்தைக் கொடுப்பது நல்லதன்று. இதைத் தாமே வரைந்து பழகியவர்தாம் உணர முடியும்.

இரண்டாவது, குழந்தை வளர்ச்சியும் மனநோய் இயலும். மூன்று, நான்கு வயதுக் குழந்தை மனிதனை வரையும்போது தலையிலிருந்து நேரே கால்கள் முளைக்கும், உடலே இராது. தலைப்பிரட்டைபோன்ற இவ்வுருவம் உலகெங்கும் அவ்வயதுக்கு இயல்பானது. இதை அறியாதவர், “உடலை மறைக்கிறாள், ஏதோ நடந்திருக்கிறது” என்று கிளப்பிவிடக்கூடும்.

மூன்றாவது, தன்னை அறிதல். பிரிட்டனில் படிக்கும் மாணவர், படிப்புக் காலத்தில் தாமே உளச்சிகிச்சை பெறவேண்டும் என்பது விதி. பிறர் துயரத்தின் மேல் தம் துயரத்தை ஏற்றாமலிருக்க இது உதவும் என்பது கருத்து.

நான்காவது, மேற்பார்வை. மாணவர் தாம் சந்தித்தவர்களைப் பற்றியும் அவர்கள் வரைந்தவை பற்றியும் மூத்தவர் ஒருவரிடம் முறையாக விவாதிக்கவேண்டும். “இதை நீ எதைக்கொண்டு சொல்கிறாய்?” என்று கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய காப்பு.

ஐந்தாவது, அறமும் சட்டமும். சிகிச்சையில் வரைந்த படம் நோயாளியின் ஏட்டைப்போல மறைவாகக் காக்கப்படவேண்டியது. சுவரில் ஒட்டவோ கைப்பேசியில் பரப்பவோ உரியதன்று. குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருப்பதை அறிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கடமை. அந்தக் கடமையை அறிந்தவர் குழந்தையிடம் பொறுமையாகக் கேட்பார், கேட்டதைக் குறித்துக்கொள்வார், உரியவரிடம் சொல்வார். ஒரே படத்தைக் காட்டித் தாழ்வாரத்தில் தாயின் காதில் ஐயத்தைப் போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகமாட்டார். உண்மையில் தீங்கு நேர்ந்திருந்தால் அது குழந்தையைக் காக்காது. நேராதிருந்தால் ஒரு குடும்பத்தை உடைக்கும். மீன்கார அம்மாளின் வீட்டில் இவ்விரண்டில் எது நிகழ்ந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கொடுமை அதுதான்.

பட்டம் மட்டும் போதுமா?

முதுகலைப் பட்டம் பெற்றவர் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் வாதாட வரவில்லை. அறிவியல் இதழில் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்.

பிரிட்டனில் மனச்சிதைவு நோயுற்ற 417 பேரைக்கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது; முடிவுகள் 2012இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவத்துடன் வாரந்தோறும் குழுவாக ஓவியச் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு வேறு பொழுதுபோக்குக் குழு. மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தனர். இரண்டாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஓவியச் சிகிச்சைக் குழுவினரின் அன்றாடச் செயல்திறனிலோ நோய்க்குறிகளிலோ மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. பலர் வகுப்புக்கே ஒழுங்காக வரவில்லை என்பதும் தெரிந்தது.

ஓவியச் சிகிச்சை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. மனச்சிதைவு ஒரு நோய். துயரமும் அதிர்ச்சியும் வேறு. குழு ஒரு முறை. தனியே சந்திப்பது வேறொரு முறை. விரும்பி வருபவருக்குக் கிடைக்கும் பயன் சீட்டுக் குலுக்கி அனுப்பப்பட்டவருக்குக் கிடைக்காமற் போகலாம். ஆனால் “எல்லா மனநோய்க்கும் ஓவியம் மருந்து” என்று எவரேனும் சொன்னால், அவர் இந்த ஆய்வைப் படிக்கவில்லை என்று கொள்ளலாம். தம் துறைக்கு எதிரான முடிவையும் எடுத்துப் படிக்கும் பழக்கம் நல்ல முதுகலைப் படிப்பின் ஆறாவது பாடம்.

சட்டத்தின் அடைப்புக்குறிக்குள்

நம் நாட்டில் நிலை என்ன? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலத் தொழிலர் யார் யார் என்று வரையறுக்கிறது. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலார், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் அதில் உண்டு. சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ முதுகலை பயின்றவரும் உண்டு. ஓவியச் சிகிச்சையாளர் இல்லை.

2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் பெயர் இடம்பெற்றது. எப்படி? ‘இயக்கச் சிகிச்சையாளர்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘கலை, நடன, இயக்கச் சிகிச்சையாளர் அல்லது பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் உட்பட’ என்று சேர்த்திருக்கிறார்கள். படம் வரைபவரும் நடனம் ஆடுபவரும் ஒரே அடைப்புக்குறிக்குள்! உடலசைவைக் கற்பது ஒன்று. தாளின்மேல் எஞ்சி நிற்கும் உருவத்தைக் காப்பதும் கையாளுவதும் இன்னொன்று. ஒரே பாடத்திட்டம் இரண்டுக்கும் பொருந்தாது.

ஆயினும் இச்சட்டத்தில் ஒரு நன்மை உண்டு. துணை மருத்துவத் தொழிலர் என்பதற்கே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்றும், அடுத்த நிலையினர்க்கு 3,600 மணி நேரம் வேண்டும் என்றும் அது கூறுகிறது. 18 மணி நேரம் 2,000இல் நூற்றிலொரு பங்குகூட இல்லை. தூணில் விளம்பரம் ஒட்டுகிறவர்கள் இந்த எண்ணை ஒரு முறை படிக்கலாம்.

புதுச்சேரியால் முடியாதா?

பெரிய மார்க்கெட்டிலிருந்து தெற்கே கடலூர்ச் சாலையில் போனால் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது; அங்கே இளைஞர்கள் ஓவியமும் சிற்பமும் பயில்கின்றனர். அதே சாலையில் இன்னும் தெற்கே, பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் இசைச் சிகிச்சைக்கான கல்வி, ஆய்வு மையம் 2010இல் தொடங்கப்பட்டு, முதுகலைப் பட்டயப் படிப்பு நடத்தியது. இசைக்கு மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே இடம் கிடைத்தது பெரிய முன்மாதிரி. வடக்கே கோரிமேட்டில் ஜிப்மரில் மனநலத் துறை உள்ளது. ஓவியம், உளநோய் அறிவு, மருத்துவமனைப் பயிற்சி ஆகிய மூன்றும் ஒரே நகரைச் சுற்றி இருக்கின்றன. இவற்றை இணைக்கும் இரண்டாண்டுப் படிப்பு ஒன்றை வகுப்பது இயலாத காரியமன்று.

ஆனால் அப்படிப்பு இலண்டன் பாடத்திட்டத்தின் நகலாக இருக்கலாகாது. வரைபவர் தமிழில் துயரப்படுகிறார், தமிழில்தான் பேசுவார். கோலம் எது, கண்ணேறு எது, மீனவர் வீட்டில் மீன் கண்ணுக்கு என்ன பொருள் என்பதை அறிந்த ஆசிரியர் வேண்டும். தமிழ் வழியில் படித்த மாணவர் சேர வாயில் வேண்டும். பாடநூல்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்குமானால், குப்பத்துப் பிள்ளைகளை அறிந்தவர் உள்ளே வரமாட்டார். உள்ளே வருபவர் குப்பத்தை அறியமாட்டார்.

இத்துறையில் சேர விரும்பும் மாணவர்கள் அவசரப்படவேண்டாம். உளவியல், சமூகப்பணி, நுண்கலை இவற்றில் ஒன்றில் பட்டம் பெறுங்கள். மற்றொன்றை விடாமல் பழகுங்கள். பிறகு முறையான முதுகலைப் பயிற்சியைத் தேடுங்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் ‘சிகிச்சையாளர்’ என்று வருபவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். எத்தனை மணி நேரம் பயின்றீர்கள்? யார் மேற்பார்வையில் நோயாளிகளைச் சந்தித்தீர்கள்? இப்போது உங்கள் ஐயங்களை யாரிடம் கேட்கிறீர்கள்? குழந்தையின் படத்தை எங்கே வைப்பீர்கள்? இவற்றுக்கு விடை சொல்லத் தடுமாறுகிறவர் ஓவிய வகுப்பு நடத்தட்டும், சிகிச்சை நடத்தவேண்டாம்.

சென்ற வாரம் மீண்டும் மார்க்கெட்டுக்குப் போனேன். சிறுமியை ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றதாக அந்த அம்மாள் சொன்னார். “படத்த எடுத்துக்கிட்டுப் போனேன் சார். அந்த டாக்டரம்மா அத ஓரமா வச்சுட்டு, ‘பொண்ணு எப்போலருந்து பேசல?’ன்னு மொதல்ல கேட்டாங்க. ரொம்ப நேரம் கேட்டாங்க.”

தம்பி மட்டும் இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லையாம்.